வண்டியை வயலுக்குள்ள இறக்காதேன்னா இறக்காதே!

இன்னிக்குக் காலையில உளுந்தைப் பார்த்துட்டு வந்ததுலேர்ந்து வயிறு எரியுது. சம்பா அறுப்புக்கு எட்டு நாள் முன்னாடி, மண்ணு ஈரம் மெழுகு பதத்துல இருக்கறப்ப, நிக்கிற நெல்லுக்குள்ளேயே விதைச்ச ஆடுதுறை 3 ரகம். வயசு 20 நாள். ஓரமெல்லாம் கரும்பச்சை. நடுவுல மட்டும் ரெண்டு ரெண்டு கோடா மஞ்சள். யாரும் சொல்லவே வேண்டாம், டயர் தடம்.

ஒரு செடியை மண்வெட்டியால தோண்டி எடுத்தேன். வேர் ரெண்டு விரக்கடை இறங்கி, அதுக்குமேல போக முடியாம முழங்கை மாதிரி மடங்கிப் பக்கவாட்டுல ஓடியிருக்கு. அடிமண் ஓடு மாதிரி பளபளங்குது. கம்பியை எடுத்துக் குத்தினேன். நல்ல இடத்துல ஒரே அழுத்துல ஒரு சாண் இறங்குது. தடத்துல நாலு விரலோட நிக்குது.

அறுப்பன்னிக்கு நான் தொண்டை கிழியக் கத்துனேன். டயருக்குப் பதிலா செயின்ல ஓடுற அறுப்பு வண்டிதான் வேணும், மணிக்கு 600 ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லைன்னு முன்கூட்டியே சொல்லி வச்சிருந்தேன். வந்தது டயர் வண்டி. "செயின் வண்டி வேற ஊருல நிக்குதுண்ணே, இன்னிக்கு விட்டா அடுத்த வாரம்தான்." மழை கருக்குது, நெல்லு சாஞ்சு கிடக்கு, என்ன பண்றது? சரின்னேன்.

அதையாவது பொறுத்துக்கலாம். நெல்லு ஏத்த வந்த டிராக்டர்தான் கொடுமை. ரோட்டுல நில்லு தம்பி, அறுப்பு வண்டியே வந்து கொட்டும்னேன். கேட்டானா? டிரெய்லரோட நேரா உள்ள இறக்கிட்டான். பின்சக்கரத்தை உதைச்சுப் பார்த்தா கல்லு மாதிரி காத்து. வயலுக்கு 12, 14 பவுண்டு போதும், டயர் கொஞ்சம் படிஞ்சு நின்னாத்தான் பாரம் பரவும், இறக்கி விடுன்னேன். "ரோட்டுல ஓட்டணும்ணே." டிரெய்லர்லயோ ஒடுங்கின லாரி டயர், மேல நெல்லுப் பாரம். சரி, வந்த தடத்துலயே போய்ட்டு வா, முதல்தடவை ஏறுறப்பவே மண்ணு பாதிக்குமேல இறுகிடும், புதுசா வேற இடத்தை மிதிக்காதேன்னு கெஞ்சினேன். நாலு நடை. நாலும் வேற வேற வழி! கடைசி நடையில அச்சு வரைக்கும் பதிஞ்சு நின்னு, இழுக்க இன்னொரு டிராக்டர் வந்து அதுவும் மிதிச்சுது.

"உழுதா சரியாப் போயிடும்ணே"ங்கறான். ஒன்பது கொத்துக் கலப்பை அரையடி ஆழம் தாண்டுமா? காத்தைக் குறைச்சா மேல்மண்ணு தப்பிக்கும். அடியில இறுகுறது அச்சுல இறங்குற மொத்தப் பாரத்தால. அதை உடைக்க உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில குறுக்கும் நெடுக்குமா ஓட்டணும், அதுவும் மண்ணு காய்ஞ்ச பிறகு. அந்தச் செலவை அவனா தருவான்? நெல்லுக்கு அடிமண் இறுகினா தண்ணி நிக்கும்னு நல்லது. உளுந்து என்ன பண்ணும், பாவம்? அதுக்கு மேல ஒரு சொட்டுத் தண்ணி பாய்ச்சாம, அடியில இருக்கற ஈரத்தை உறிஞ்சித்தானே அது 70 நாள் நின்னாகணும்? வேரே இறங்கலைன்னா எங்கேர்ந்து உறிஞ்சும்?

மூணு மா நிலத்துல ஒரு மா போச்சு.

இவ்வளவு மண்ணையும் நாசம் பண்ணி அவசர அவசரமா ஏத்திட்டுப் போன அந்த நெல்லு எங்க இருக்கு தெரியுமா? ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்குன்னு கொள்முதல் நிலையத்து வாசல்ல குவிச்சுப் போட்டு 12 நாளாச்சு. நேத்து ராத்திரி அதுமேலயும் மழை.