"உதெல்லாம் நீங்கள் வாசிக்கிறதில்லை"

திங்கள் கிளினிக்கில் நடந்ததை எழுதியதும் இன்பொக்ஸில் வந்து புத்தி சொன்ன எல்லோருக்கும் நன்றி. பாதிப்பேர் டொக்டர் பக்கம். சரி.

திரும்பவும் சொல்கிறேன், நான் வைத்தியம் சொல்லப் போகவில்லை, கேட்கத்தான் போனேன். பரந்தனில் ஒரு கொமினிகேசனில் பிரிண்ட் எடுத்த நாலு தாளை மேசையில் வைத்தேன். டொக்டர் தலைப்பைக்கூடப் பார்க்காமல் ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளிவிட்டு, "தங்கச்சி, உதெல்லாம் நீங்கள் வாசிக்கிறதில்லை" என்றார். பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸும் சிரித்தா.

அது என்ன, கைவைத்தியக் குறிப்பா? 2005இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு. அதுவும் இலங்கை நோயாளிகளைப் பற்றியது. எனக்கிருக்கிற அதே ஹீமோகுளோபின் ஈ பீட்டா தலசீமியா, பரம்பரையாக வருகிற ரத்தச்சோகை நோய். ஒரே நோய்தான், ஆனால் ஆளாளுக்கு ஒவ்வொரு மாதிரி, ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்த சிலருக்கு அதை நிறுத்தவும் முடிந்திருக்கிறது. மாதாமாதம் ஏற்றுகிற நான் "எனக்கு இது பொருந்துமா" என்று கேட்டேன். பொருந்தாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பேசாமல் எழும்பி வந்திருப்பேன்.

"வாசிச்சுப்போட்டு மருந்தை நிறுத்திப்போடுவினம்" என்கிறீர்கள். நான் நிறுத்தவில்லை. உடம்பில் சேர்கிற இரும்பை வெளியேற்றுகிற, சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருக்கிற அந்தக் குளிசையை இன்று காலையும் கரைத்துக் குடித்தேன். ஏற்றுகிற ஒவ்வொரு பை ரத்தத்தோடும் இரும்பு வருகிறது, உடம்புக்கு அதை வெளியேற்றத் தெரியாது, ஈரலிலும் இதயத்திலும் போய்ப் படியும் என்பதே எனக்கு வாசித்துத்தான் தெரியும். குளிசையை ஒழுங்காகக் குடிக்க வைத்தது அந்த வாசிப்புத்தான்.

அரைகுறையாக விளங்கினால் ஆபத்து என்பது உண்மை. உடம்பில் எவ்வளவு இரும்பு சேர்ந்திருக்கிறது என்று காட்டுகிற பெரிட்டின் பற்றி முதல் வாசித்த கட்டுரையோடு இரண்டு இரவு நித்திரையில்லை, பிறகு பார்த்தால் அது வேறு வகை நோயாளிகளைப் பற்றியது. அதனால்தானே ஆளைத் தேடிப் போய்க் கேட்கிறேன்! "அவர் படிச்சவர்" என்பவர்களுக்கும் இதே பதில்தான். படிக்காதவரிடமா போனேன்?

2009இல், கடைசி யுத்தத்தில், மாத்தளன் பங்கருக்குள் அம்மா என் கிளினிக் கொப்பியை இரண்டு சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் செருகி வைத்திருந்தவ. நகை போனது, உடுப்புப் போனது, அப்பாவும் போனார். கொப்பி செட்டிக்குளம் முகாம்வரை வந்தது. கடைசியாக எப்போது ரத்தம் ஏற்றியது என்று அங்கிருந்த டொக்டர் அதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். இங்கிலீசில் ஓர் எழுத்தும் தெரியாமல் அம்மா அதைக் காவினா. இன்று நான் விளங்கி வாசித்தால் மட்டும் திமிராம்.

"டொக்டரோட கொழுவாதை பிள்ளை" என்று அம்மாவும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறா. அடுத்த கிளினிக் 22ஆம் திகதி. தாள் நாலும் கொப்பிக்குள் இருக்கிறது.