கன்சல்டிங்: சொல்லிவிட்டுக் கிளம்பும் தொழில்

மேலாண்மை ஆலோசனை நிறுவனத்தில் வேலை எப்படி இருக்கும் என்று, படிப்பை முடிக்கப்போகும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நல்ல சம்பளம், ஓயாத விமானப் பயணம், தூக்கமில்லாத இரவுகள் ஆகிய மூன்றையும் பற்றி முன்பே கேள்விப்பட்டுத்தான் வருகிறார்கள். மூன்றும் உண்மை, அவற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. சில ஆண்டுகள் அந்தத் தொழிலில் இருந்துவிட்டு வெளியே வந்தவள் என்ற முறையில் என்னை உறுத்துவது வேறு. நாம் சொன்ன யோசனை பலித்ததா, பொய்த்ததா என்பது பெரும்பாலும் நம் காதுக்கு வந்து சேராத தொழில் அது. அதன் வேகம், பேச்சில் தொனிக்கும் உறுதி, நேரங்கெட்ட வேலை, பதவி உயர்வு முறை, பெரிய சறுக்கல்கள் எல்லாமே இந்த ஒரு குறையிலிருந்து கிளைத்தவை என்று நினைக்கிறேன்.

ஒரு பிராஜெக்ட் பொதுவாக இரண்டு மூன்று மாதங்களில் முடிந்துவிடும். நிறுவனத்தின் பங்குதாரராகவும் இருக்கும் மூத்த ஆலோசகரான ஒரு பார்ட்னர், அவருக்குக் கீழே ஒரு மேனேஜர், அவருக்குக் கீழே சில இளையவர்கள் என்று குழு அமையும். பார்ட்னர் ஒரே நேரத்தில் வேறு குழுக்களையும் கவனித்துக்கொண்டிருப்பார். ஆகவே அன்றாட வேலை முழுவதும், நேற்று வரை அந்தத் துறையையே அறியாத இளையவர்கள் தலையில்தான் விழும். முதல் வாரம் தரவு கேட்டு மின்னஞ்சல் அனுப்புவதிலேயே கழியும். வரும் தரவோ ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. கணக்குப் பிரிவின் கோப்பில் ஒரு பொருளின் இருப்பு ஒரு விதமாகவும், கிடங்கின் கோப்பில் வேறு விதமாகவும் இருக்கும். எது சரி என்று கேட்டால் இரு தரப்பாரும் தங்களுடையதே சரி என்பார்கள். அந்த இரண்டையும் எக்செல்லில் வரிவரியாகப் பொருத்திப் பார்ப்பதுதான், வெளியே உத்தி வகுக்கும் பணி என்று பெருமையாகப் பேசப்படும் வேலையின் பெரும்பகுதி.

இதற்கிடையே வாடிக்கையாளர் நிறுவனத்தின் ஊழியர்களோடு உரையாடல்கள் நடக்கும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். இப்போது நினைத்தால் சங்கடம் தருவதும் அதுவே. இருப்பில் முடங்கிய முதலீட்டைக் குறைப்பது பற்றிய ஒரு பிராஜெக்டில், கிடங்குப் பொறுப்பாளர் ஒருவர் என்னை அடுக்குகளுக்கு நடுவே அழைத்துச் சென்று காட்டினார். தேங்கிக் கிடந்த பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் கொள்முதல் தேதி நிதியாண்டின் கடைசி மாதமாகவே இருந்தது. மொத்தமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடிக்காகக் கொள்முதல் பிரிவு ஆண்டு இறுதியில் அள்ளிப் போடுகிறது, அந்தத் தள்ளுபடி அவர்களுடைய சாதனைக் கணக்கில் சேர்கிறது, தேங்குவதோ கிடங்கின் கணக்கில் எழுதப்படுகிறது என்று பத்து நிமிடத்தில் விளக்கிவிட்டார். "இதை நான் பல தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன், மேடம். நீங்கள் எழுதினால் படிப்பார்கள்" என்றார். அவர் சொன்னபடியே நடந்தது. இரண்டு மாத ஆய்வின் முடிவாக நாங்கள் வைத்த முதன்மையான கண்டுபிடிப்பு, அவர் காட்டிய அந்தச் சீட்டுகளில் இருந்ததுதான். அதே அறிக்கையின் பின்பகுதியில், கிடங்குகளை ஒன்றிணைக்கலாம் என்ற பரிந்துரையும் இருந்தது. அது நிறைவேறியதா, நிறைவேறியிருந்தால் அவருடைய வேலை தப்பியதா என்பதெல்லாம் தெரியவரும் முன்பே எங்கள் குழு கலைந்து, நான் வேறொரு துறையின் பிராஜெக்டில் இருந்தேன்.

நிறுவனங்கள் ஏன் இவ்வளவு பணம் கொடுத்து ஆலோசகர்களை அழைக்கின்றன என்ற கேள்விக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. கீழே இருப்பவருக்குத் தெரிந்த விஷயம் மேலே போய்ச் சேர ஒரு வெளியாள் தேவைப்படுகிறார். உள்ளே ஆள் போதவில்லை, போட்டியாளர்கள் என்ன செய்கிறார்கள் என்று அறிய வேண்டும் என்பன போன்ற காரணங்களும் உண்டு. தலைமை முன்பே எடுத்துவிட்ட ஒரு முடிவுக்கு வெளியாள் கையெழுத்து வேண்டும் என்பதற்காகவே அழைக்கப்படுவது வெளியில் நினைப்பதைவிட அதிகம். அது முதல் கூட்டத்திலேயே தெரிந்துவிடும். கேள்வி கேட்கும் தொனியிலேயே விடையும் இருக்கும். ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அதைச் சுட்டிக்காட்டும் துணிச்சல் மிகச் சில பார்ட்னர்களுக்கே உண்டு.

இந்தத் தொழிலிடம் நான் பெற்றதையும் சொல்ல வேண்டும். ஸ்லைடின் தலைப்பு ஒரு முழு வாக்கியமாக இருக்க வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். 'விற்பனை நிலவரம்' என்று தலைப்பிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'விற்பனை மூன்று பகுதிகளில் மட்டுமே சரிந்துள்ளது. மூன்றிலும் காரணம் விநியோகத் தாமதமே' என்று எழுதினால் ஏற்பார்கள். தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தாலே வாதம் முழுவதும் புரிய வேண்டும். முடிவை முதலில் சொல், காரணங்களைப் பிறகு அடுக்கு, அந்தக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் எதுவும் விடுபடாமலும் பார்த்துக்கொள் என்ற இந்த முறையை வகுத்தவர், 1963-இல் மெக்கின்சி என்ற புகழ்பெற்ற ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்த பார்பரா மின்ட்டோ. இதைப் பழகியவர்களின் எழுத்து மட்டுமல்ல, யோசிக்கும் விதமே மாறிவிடும். எந்தக் குழப்பமான கூட்டத்திலும் 'இங்கே பதில் தேவைப்படும் கேள்வி எது' என்று முதலில் தேடும் பழக்கம் எனக்கு அங்கே வந்ததுதான். அதற்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் அந்த முறைக்குள்ளேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. என் வரைவில் 'தோன்றுகிறது', 'இருக்கக்கூடும்' என்று வரும் இடங்களையெல்லாம் மேனேஜர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். அவர் சொன்ன காரணமும் நியாயமானதுதான்: சந்தேகத்தை வாங்க யாரும் பணம் கொடுப்பதில்லை. பத்து வாரத்தில், முழுமையில்லாத தரவை வைத்து, அரைகுறையாகப் புரிந்துகொண்ட ஒன்று, கடைசி வரைவில் இரும்பால் செய்த வாக்கியமாகிவிடும். எழுதியவருக்கே ஒரு கட்டத்தில் அது நிரூபிக்கப்பட்ட உண்மை போலத் தெரியத் தொடங்கும். பின்னாளில் அந்த வாக்கியம் பொய்த்துப் போனால் அடுத்த முறை கொஞ்சம் தயங்குவோம். பொய்த்ததே தெரியாதபோது தயக்கம் எங்கிருந்து வரும்?

இந்தத் தொழிலை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் மார்வின் பவர். அவர் வழக்கறிஞராக இருந்தவர். சிகாகோவில் கணக்கியல் பேராசிரியரான ஜேம்ஸ் மெக்கின்சி 1926-இல் தொடங்கிய நிறுவனத்தில் 1933-இல் சேர்ந்து, பிற்காலத்தில் அதன் தலைவராகி, பெரிய சட்ட நிறுவனங்களின் நடைமுறைகளை அங்கே கொண்டுவந்தார். அனுபவத்தைவிடப் படிப்பைப் பார்த்து இளைஞர்களை எடுப்பது, வாடிக்கையாளரின் நலனை நிறுவனத்தின் வருமானத்துக்கு மேலாக வைப்பது, குறிப்பிட்ட காலத்துக்குள் மேலே ஏறாதவர்களை வெளியே அனுப்புவது ஆகியவை அப்படித்தான் வேரூன்றின. கடன்வாங்கியதில் ஒன்று மட்டும் வரவில்லை. வழக்கறிஞர் தோற்றால் தீர்ப்பு நீதிமன்றத்தில் எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படுகிறது. ஆலோசகருக்கு அப்படியொரு தீர்ப்பு நாள் கிடையாது. மூன்று ஆண்டுகள் கழித்து நிறுவனம் சரிந்தால், யோசனை தவறா, நிறைவேற்றிய விதம் தவறா, சந்தை மாறியதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வென்றாலும் இதே சிக்கல்தான்; ஆனால் வென்றால் மட்டும் பிரித்துச் சொல்லிவிடுவார்கள்.

முடிவை வைத்து மதிப்பிட வழியில்லாத இடத்தில், கண்ணுக்குத் தெரிவதை வைத்துத்தான் ஆளை மதிப்பிட முடியும். நள்ளிரவுக்குப் பிறகு ஸ்லைடுகளில் தசமப் புள்ளிகள் ஒரே இடத்தில் இருக்கின்றனவா, அடிக்குறிப்பின் எழுத்தளவு சரியாக இருக்கிறதா, பக்கத்துக்குப் பக்கம் தலைப்பு ஒரு மில்லிமீட்டர் நகர்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருப்பது இதனால்தான். மறுநாள் காலை அறையில் இருப்பவர்களால் பரிந்துரையின் தரத்தை அளக்க முடியாது. தசமப் புள்ளியை அளக்க முடியும். பதவி உயர்வும் அப்படியே. ஆறு மாதத்துக்கு ஒரு முறையோ ஆண்டுக்கு ஒரு முறையோ நடக்கும் மதிப்பீட்டில், கூட்டத்தில் எப்படிப் பேசினார், வாடிக்கையாளர் அவரைப் பற்றி என்ன சொன்னார், அடுத்த பிராஜெக்ட் அங்கே கிடைத்ததா என்பன பேசப்படும். ஈராண்டுக்கு முன் அவர் கொடுத்த பரிந்துரை என்னவாயிற்று என்ற கேள்வியை நான் இருந்த எந்த மதிப்பீட்டுக் கூட்டத்திலும் கேட்டதில்லை. ஒரு பிராஜெக்டுக்கும் அடுத்ததற்கும் இடையே வேலையில்லாமல் இருக்கும் நாட்களை அங்கே 'பீச்' என்பார்கள். கடற்கரை என்று பெயர் இருந்தாலும் அங்கே யாரும் நிம்மதியாக இருப்பதில்லை. எந்த பார்ட்னரும் தன்னைக் கேட்கவில்லையே என்ற கலக்கத்தில்தான் அந்த நாட்கள் போகும்.

விளைவு திரும்பி வராத நிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பொதுவெளியில் உள்ள உதாரணங்கள் குறைவு, ரகசியக் காப்பு ஒப்பந்தங்களே காரணம். தெரிந்தவற்றில் புகழ்பெற்றது அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி-யின் கதை. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் சுமார் 9 லட்சம் கைப்பேசிகள் இருக்கும் என்று 1980-களின் தொடக்கத்தில் மெக்கின்சி அந்நிறுவனத்துக்குக் கணித்துக் கொடுத்ததாகவும், உண்மையில் அந்த எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியதாகவும் பரவலாக எழுதப்பட்டிருக்கிறது. ஏடி அண்ட் டி பின்னர் மெக்காவ் செல்லுலார் என்ற நிறுவனத்தை 1994-இல் 1,100 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கி அந்தச் சந்தைக்குள் நுழைந்தது. கணிப்பு தவறுவது குற்றமில்லை. அந்தக் காலத்துக் கைப்பேசியின் எடையையும் விலையையும் பார்த்தவர்கள் வேறு எப்படிக் கணித்திருப்பார்கள்? என் கேள்வி, அந்த எண்ணைத் தயாரித்த இளையவர் அது பொய்த்தபோது எங்கே இருந்தார், அதிலிருந்து அவர் என்ன கற்றிருக்க முடியும் என்பது.

கைப்பேசிக் கணிப்பை எண்ணிச் சிரிக்கலாம். ஓபியாய்டு எனப்படும், அடிமையாக்கக்கூடிய வலிமருந்துகளின் விவகாரத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆக்ஸிகான்டின் என்ற வலிமருந்தின் விற்பனையை எப்படிக் கூட்டலாம் என்று பர்டியூ மருந்து நிறுவனத்துக்கு மெக்கின்சி ஆலோசனை சொன்னது. அதே காலத்தில் அவ்வகை மருந்துகளுக்கு அடிமையானவர்கள் அமெரிக்காவில் செத்துக்கொண்டிருந்தார்கள். 2021-இல் மாநிலங்களோடு 57.3 கோடி டாலருக்கும், 2024 டிசம்பரில் மத்திய அரசோடு 65 கோடி டாலருக்கும் மெக்கின்சி சமரசத் தீர்வு கண்டது. விற்பனை ஸ்லைடுகளைத் தயாரித்தவர்களில் பலர் கொடியவர்களாக இருந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். எந்தப் பகுதியில் எந்த மருத்துவரைச் சந்தித்தால் விற்பனை கூடும் என்ற கணக்கை, வேறு எந்தப் பொருளுக்கும் போடுவது போலவே எக்செல்லில் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கின் மறுமுனையில் இருந்தவர்களை அவர்கள் பார்க்க வேண்டிய அவசியம் வேலையின் அமைப்பிலேயே இல்லை. விளைவு கடைசியில் அவர்களிடம் வந்து சேர்ந்தது, நீதிமன்றத்தின் வழியாக.

அப்படியானால் கட்டணத்தை விளைவோடு கட்டிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் வாதாடினேன். தென்னாப்பிரிக்காவின் அரசு மின் நிறுவனமான எஸ்காமோடு மெக்கின்சி செய்துகொண்ட ஒப்பந்தம் ஏறத்தாழ அந்த வகையைச் சேர்ந்தது: பலன் கிடைத்தால்தான் கட்டணம். அது பெரும் ஊழல் சர்ச்சையில் சிக்கி, 2018-இல் வட்டியோடு ஏறக்குறைய 100 கோடி ராண்டை அந்நிறுவனம் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. ஊழலை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் இந்த முறையில் ஒரு ஓட்டை இருக்கிறது. மிச்சமானது எவ்வளவு என்று கணக்கிடுபவரும் ஆலோசகர்தான். அதுவும் கட்டணம் வர வேண்டிய முதல் ஆண்டுக்குள்ளாகத் தெரியும் மிச்சத்தைத்தான் கணக்கிடுவார். பராமரிப்புச் செலவை வெட்டினால் முதல் ஆண்டில் லாபம் கூடத்தான் செய்யும். இயந்திரம் நிற்பது நான்காம் ஆண்டில்.

இந்த வேலையில் சேர்பவர்களில் பெரும்பாலோர் இரண்டு மூன்று ஆண்டுகளில் வெளியேறிவிடுகிறார்கள். பலர் வாடிக்கையாளராக இருந்த நிறுவனத்திலேயே சேர்கிறார்கள். நானும் இப்போது ஒரு நிறுவனத்துக்குள் இருக்கிறேன், அறிக்கைகளைப் பெறும் இடத்தில். இங்கிருந்து பார்க்கும்போதுதான் எது பிழைக்கிறது, எது அலமாரிக்குப் போகிறது என்பது தெரிகிறது. ஆலோசகர்கள் எழுதியதை எங்கள் ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவை ஏறக்குறைய எல்லாம் அலமாரியில் இருக்கின்றன. எங்கள் ஆள் ஒருவர் முதல் வாரத்திலிருந்தே கூட உட்கார்ந்து, எண்களோடு சண்டை போட்டு, பாதி ஸ்லைடுகளைத் தானே எழுதியவை இன்னும் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றில் வடிவமைப்பு சுமார்தான், தசமப் புள்ளிகள் நேராக இல்லை.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு, சேராதீர்கள் என்று நான் சொல்வதில்லை. நேர்முகத் தேர்வின் இறுதியில், உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று எதிரில் இருப்பவர் கேட்பார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் முடித்த ஒரு பிராஜெக்டின் பரிந்துரை இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அதை உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று கேளுங்கள். சிலர் பெரிய வாடிக்கையாளர் பெயர்களைச் சொல்லி நழுவுவார்கள். ஒரே நிறுவனத்தோடு நெடுங்காலம் பழகி, எந்த யோசனை ஊற்றிக்கொண்டது என்பதைத் தயங்காமல் விவரிக்கும் பார்ட்னர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் குழுவில் இடம் கிடைத்தால், சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் சேர்ந்துவிடுங்கள். சேர்ந்த பிறகு, முடிந்த பிராஜெக்டில் உங்களோடு பேசிய ஊழியர்களின் எண்களை அழித்துவிடாமல் வைத்திருந்து, ஆண்டுக்கு ஒரு முறையாவது கூப்பிட்டு விசாரியுங்கள்.