விதிவிலக்கைக் கையெழுத்திட்டு இழக்கிறோம்

டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016-இல் தீர்ப்பு வந்தபோது மகிழ்ந்த ஆசிரியர்களில் நானும் ஒருவன். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012-இல் தொடுத்த வழக்கு அது. கற்பிக்கும் நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு நூல் பகுதிகளைப் படியெடுத்து, தொகுத்து, மாணவர்களுக்குக் கொடுப்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தரும் விதிவிலக்குக்குள் அடங்கும் என்றும், கற்பித்தல் என்பது வகுப்பறைச் சுவர்களோடு முடிந்துவிடுவதில்லை என்றும் உயர் நீதிமன்றம் கூறியது.

நூலகங்களிடம் அதே சட்டம் அவ்வளவு தாராளம் காட்டவில்லை. இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலென்றால், வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன் பயன்பாட்டுக்கு மூன்று படிகள் வரை எடுத்துக்கொள்ளலாம். கையில் அச்சுப் படி இருந்தால், பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்து வைக்கலாம் என்பது 2012 திருத்தம் சேர்த்தது.

ஆனால் என் கவலை மின்னூல் பற்றியது. அச்சு நூல் என்றால் நூலகர் எடுத்துக் கொடுப்பார், வேண்டிய அத்தியாயத்தை நான் படியெடுத்துக்கொள்வேன், விஷயம் முடிந்தது. அதே நூல் மின்வடிவில் வந்தபிறகு, தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஒரு மாணவர் திறந்து வைத்திருந்தால் மற்றவர்களுக்கெல்லாம் 'பயன்பாட்டில் உள்ளது' என்றே திரை காட்டுகிறது. சில பக்கங்களுக்கு மேல் அச்சிட முயன்றால் பொத்தான் மங்கிப்போகிறது. நூலகம் நூலை வாங்கவில்லை, உரிமம் மட்டுமே பெற்றிருக்கிறது. சட்டம் தந்த சலுகையை, யாரும் படிக்காத உரிம ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு பக்கத்தில் கையெழுத்திட்டு நாமே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

பிரிட்டனில் 2014-இல் செய்த திருத்தங்கள், நூலகப் படியெடுப்பு போன்ற சில விதிவிலக்குகளைத் தடுக்கும் ஒப்பந்த நிபந்தனை செல்லாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டன. நம் 52-ஆம் பிரிவில் அப்படியொரு வரி இல்லை; இருந்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பதிப்பாளர் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். முழு நூலையும் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு 'கல்விக்காகத்தானே' என்று சக ஆசிரியர்கள் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. 52-ஆம் பிரிவை அதற்குக் கேடயமாகப் பிடிப்பவர்கள்தான் அதைப் பலவீனமாக்குகிறார்கள்.

சட்டம் திருந்தும் வரை, உரிமத்தைப் புதுப்பிக்கும்போதாவது நூலகக் குழுவில் ஓர் ஆசிரியர் உட்கார்ந்து, படியெடுப்பு பற்றிய நிபந்தனையை வரிவரியாகப் படித்து, சட்டம் அனுமதிப்பதைத் தடுக்கும் வாசகத்தை நீக்கச் சொல்லிக் கேட்கலாம்.