மாஸ்கோசோவின் நிறங்கள் போதையில் பிறந்தவை அல்ல

விக்டர் மாஸ்கோசோ 1960-களில் சான் பிரான்சிஸ்கோ ராக் இசை நிகழ்ச்சிகளுக்குப் போஸ்டர் வரைந்த ஓவியர். "அவர் எல்.எஸ்.டி. போதையில் கண்ட நிறங்களை அப்படியே போஸ்டரில் இறக்கினார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. 1960-களின் சான் பிரான்சிஸ்கோ ராக் உலகில் போதை புழங்கியது உண்மைதான். ஆனால் மாஸ்கோசோ நியூயார்க் கூப்பர் யூனியன் கல்லூரியிலும் பிறகு யேல் பல்கலைக்கழகத்திலும் முறையாக ஓவியம் படித்தவர். யேலில் அவருக்கு நிறப்பாடம் எடுத்தவர் ஜோசப் ஆல்பர்ஸ். 'கண்ணை உறுத்தும் நிறங்களை ஒட்டி வைக்காதே, எழுத்து சட்டென்று படிக்கும்படி இருக்கட்டும்' என்ற வகுப்பறை விதிகளை மாஸ்கோசோ தெரிந்தே தலைகீழாக்கினார். 1967-ன் 'நியான் ரோஸ்' என்ற அவரது போஸ்டர் வரிசையில் அது அப்பட்டமாகத் தெரியும்.

நிறங்கள் சந்திக்கும் விளிம்பு துடிப்பது போலத் தெரியும் இந்த உத்தியை நீங்களே செய்து பார்க்கலாம். சிவப்பு, பச்சை போல எதிரெதிர் நிறங்கள் இரண்டை ஒட்டி வையுங்கள். கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிய வேண்டும். ஒன்று வெளுத்திருந்தால் துடிப்பு வராது. நடுவே கறுப்புக் கோடோ வெள்ளை இடைவெளியோ கூடாது. அச்சில் பெரும்பாலும் கெடுவது இந்த விளிம்புதான்: மைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கருங்கோடு விழுந்து அதிர்வு அடங்கிவிடும். வழக்கமான நான்கு நிறப் புள்ளி அச்சிலும் விளிம்பு மங்கும். ஒவ்வொரு நிறத்தையும் தனி மையாகக் கலந்து அடித்தால்தான் துடிப்பு எடுபடும்.