விரதம் பிடிக்கிறவர் வீட்டில் ஏன் இத்தனை பயம்?

கந்தசஷ்டி வந்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் மெல்லத்தான் கதைப்போம். அப்பா ஆறு நாளும் விரதம். மாலையில் பாலும் பழமும் மட்டும். ஆறாம் நாள் அதுவும் கிடையாது. பாத்திரம் சத்தம் போடக்கூடாது, வானொலி போடக்கூடாது. பூக்கூடை வைத்த இடத்தில் இல்லையென்றால் அம்மாவுக்கு ஏச்சு. செம்பருத்தி வாடியிருந்தால் எங்களுக்கு அடி. சூரன்போர் பார்க்கிற சந்தோசத்தைவிட, ஏழாம் நாள் பாரணை முடிந்து அப்பா சோறு சாப்பிட்டுவிட்டார் என்கிற நிம்மதிதான் எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

அப்பாவின் பக்தியில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் பசித்த வயிற்றின் எரிச்சலை வீட்டில் இருப்பவர்கள்மேல் இறக்கிவைத்துவிட்டுக் கோயிலுக்குப் போவதை விரதம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. எங்கள் ஊரில் எத்தனையோ வீடுகளில் இது நடக்கிறது. யாரும் கதைப்பதில்லை. "விரதக்காரர், பேசாமல் இருங்கோ" என்று சொல்லிப் பிள்ளைகளை அடக்கிவிடுகிறோம்.

அதே எரிச்சலை நானும் என் வீட்டில் இறக்கிவைத்தேன். என்னுடையது சிகரட். பத்தொன்பது வருடம் புகைத்தேன். நிறுத்தப்போகிறேன் என்று சொல்லி மூன்று தடவை தொடங்கினேன், மூன்று தடவையும் நாலாம் ஐந்தாம் நாளில் சந்திக் கடைக்கு ஓடினேன். இலங்கையில் சிகரட் பெட்டியில் 80 சதவீத இடத்தை அடைத்து அந்தப் பயங்கரப் படங்களைப் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஒற்றை ஒற்றையாக வாங்குகிறவன் பெட்டியை எங்கே பார்க்கிறான்? நான் பார்த்ததில்லை. தேத்தண்ணி ஒன்று, சிகரட் ஒன்று, அவ்வளவுதான்.

அந்த மூன்று தடவையும் என்னைத் தோற்கடித்தது புகையின் ஆசை என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். உண்மையில் தோற்கடித்தது கோபம். மகள் கதவைச் சாத்தினாலும் கோபம், மனைவி ஏதாவது கேட்டாலும் கோபம், கேட்காவிட்டாலும் கோபம். கடைசியில் வீட்டில் உள்ளவர்களே, "நீங்கள் போய் ஒன்றைப் பத்திவிட்டு வாங்கோ" என்று சொல்லும் நிலை.

பிறகு ஒரு வைத்தியர் விளக்கினார். நிக்கோட்டின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 2 மணி நேரம் போதும். அதனால்தான் அடுத்த சிகரட்டைத் தேடுகிறோம். நிறுத்தினால் இரண்டாம் மூன்றாம் நாள்தான் மிக மோசம். எரிச்சல், நித்திரைக் குறைவு, பசி, மனம் ஒன்றில் நிற்காமை, எல்லாம் சேர்ந்து வரும். பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் தணிந்துவிடும். அதோடு அவர் இன்னொன்றும் சொன்னார்: ஒருமுறை எழுகிற ஆசை சில நிமிடங்களுக்குமேல் நிற்காது, அந்தச் சில நிமிடத்தைக் கடத்தினால் சரி.

நாலு வாரம் என்று கேட்டதும் அம்மாதான் கணக்குப் போட்டார். விஜயதசமியிலிருந்து ஐப்பசி அமாவாசை வரை கேதார கௌரி விரதம், 21 நாள். அமாவாசைக்கு அடுத்த நாள் கந்தசஷ்டி தொடக்கம், ஆறு நாள். ஆக 27 நாள், நடுவில் ஒருநாள்கூட இடைவெளி இல்லை. "மற்றவர்கள் சோற்றை விடுகிறார்கள், நீ சிகரட்டை விடு" என்றார். நானும் ஒருவேளைச் சாப்பாடு என்று கடுமையாகப் பிடிக்கவில்லை. மரக்கறிச் சாப்பாடு, காலையில் மல்லித் தண்ணி, மத்தியானம் பழம், மாலையில் சோறு. பசியையும் சேர்த்து ஏற்றினால் கோபம் இரட்டிப்பாகும் என்பதை அப்பாவைப் பார்த்தே தெரிந்துகொண்டவன் நான்.

விஜயதசமிக்கு முதல்நாள் இரவு மனைவியையும் மகளையும் இருத்தி வைத்துச் சொன்னேன்: "இந்தக் கிழமை நான் எரிந்து விழுவேன். அது உங்கள் பிழை இல்லை. நான் குரலை உயர்த்தினால், 'அப்பா, சிவபுராணம்' என்று மட்டும் சொல்லுங்கோ, நான் எழும்பிப் போய்விடுவேன்." மகளுக்கு அப்போது ஒன்பது வயது. தன்னிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள் என்று அவளுக்கு நல்ல சந்தோசம்.

ஏன் சிவபுராணம்? அது திருவாசகத்தின் தொடக்கப் பாடல், 95 வரி. நிதானமாக வாய்விட்டு ஓதினால் எனக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். வைத்தியர் சொன்ன சில நிமிடத்துக்கு அது தாராளம். வாயும் மூச்சும் சும்மா இருக்காது. புகைப்பதும் நீளமாய் இழுத்து நீளமாய் விடுகிற மூச்சுத்தானே? ஒரு வரியை ஒரே மூச்சில் ஓதி முடித்து அடுத்த மூச்சை எடுக்கும்போது உடம்பு தேடிய ஏதோ ஒன்று அதற்குக் கிடைத்துவிடுகிறது. கைக்கு ஒரு உருத்திராக்க மாலை. வெறும் கை சட்டைப் பையைத் தேடும், அதனால்.

மூன்றாம் நாள் மாலை நடந்ததை மறக்க முடியாது. மகள் குசினியில் சில்வர் செம்பைக் கை தவறிப் போட்டுவிட்டாள். அது சீமெந்துத் தரையில் விழுந்து, உருண்டு, சுவரில் முட்டி, திரும்பவும் உருண்டது. அந்தச் சத்தம் என் மண்டைக்குள் கேட்டது. எழும்பிவிட்டேன், கையும் ஓங்கிவிட்டது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தபடி, குரல் நடுங்க, "அப்பா, சிவபுராணம்" என்றாள். செம்பருத்தி வாடியதற்கு அடி வாங்கிய நாளில் நான் அப்பாவைப் பார்த்த அதே பார்வை.

சாமி அறைக்குள் போய்த் தொடங்கினேன். ஆறாவது வரி, "வேகங் கெடுத்தாண்ட வேந்தன் அடிவெல்க." சின்ன வயதிலிருந்து ஓதுகிற வரி. அன்றைக்குத்தான் முதன்முதலாக அதன் பொருள் காதில் விழுந்தது. வேகம் என்றால் மனத்தின் ஓட்டம் என்று உரை சொல்வார்கள். ஆசையைக் கொன்றவன் என்று மணிவாசகர் பாடவில்லை, வேகத்தைக் கெடுத்தவன் என்கிறார். செம்பு விழுந்ததற்கும் என் கை ஓங்கியதற்கும் நடுவில் ஒரு நொடிகூட இருக்கவில்லை. எனக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு நொடிதான். அந்த வரியை எத்தனை தடவை திருப்பித் திருப்பிச் சொன்னேன் என்று தெரியாது. மிச்ச 89 வரிக்கு அன்று போகவே இல்லை.

கோயில் மேடைகளில் இந்த விசயத்தைப் பேசுகிறவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. "ஆசை அறுமின்கள்" என்று திருமூலர் வாக்கைச் சொல்லி, உண்மையான பக்தி இருந்தால் எல்லாப் பழக்கமும் தானாகப் போய்விடும் என்று முடித்துவிடுகிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கிறவன் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் முயன்று தோற்றால் என்ன நினைப்பான்? தன் பக்தி பொய் என்று நினைப்பான். அப்புறம் கோயிலுக்கு வரவே வெட்கப்படுவான். எனக்கு அது நடந்திருக்கிறது. பக்தி என்று சொன்னால் மட்டும் போதாது, எத்தனை மணிக்கு எழும்புவது, ஆசை வந்தால் என்ன ஓதுவது, யாரிடம் சொல்லி வைப்பது என்றும் சொல்லிக் கொடுங்கள். நம் விரதங்களில் இவை எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. நாள் கணக்கு இருக்கிறது, நூல் இருக்கிறது, முடிச்சு இருக்கிறது.

கேதார கௌரி நூல் 21 இழை. எங்கள் வீட்டில் கும்பத்துக்கு முன்னால் வைத்து அம்மா ஒவ்வொரு மாலையும் ஒரு முடிச்சுப் போடுவார். மகள் பக்கத்தில் இருந்து எண்ணுவாள். பதின்மூன்றாம் நாள், கனடாவிலிருந்து வந்த கூட்டாளி ஒருவனோடு கடற்கரையில் இருந்தபோது ஒன்று புகைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். எல்லாம் போச்சு, நூலை எடுத்துவிடுங்கோ என்றேன். அம்மா ஏசவில்லை. "முடிச்சை அவிழ்க்கிற விரதம் ஒன்றும் இல்லை" என்று சொல்லி அன்றைய முடிச்சையும் போட்டார். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் அடுத்த நாளே பழையபடி ஆகியிருப்பேன்.

கந்தசஷ்டி ஆறு நாளும் மாலையில் கோட்டை வாசலால் நடந்தே திருகோணமலைக் கோணேசர் மலைக்கு ஏறினேன். மான்கள் வழியில் படுத்திருக்கும், ஒதுங்கித்தான் போகவேண்டும். இந்த மலைக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1622 இல் இடித்தார்கள். அதற்குப் பிறகு கோயிலே இல்லாத காலத்திலும் நம் ஆட்கள் உச்சியில் நின்று பூவும் தேங்காயும் கடலில் இட்டு வணங்கினார்கள். 1963 இல்தான் மறுபடி குடமுழுக்கு. சம்பந்தர் இங்கே வராமலே பாடிய "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை" என்பதை அந்தப் பாறையில் நின்று சொல்லும்போது, கீழே கடல் உண்மையிலேயே குரைத்துக்கொண்டிருக்கும். முதல் சில நாள் படி ஏற மூச்சு வாங்கியது. ஆறாம் நாள் நிற்காமல் ஏறினேன்.

ஒன்றை மறக்காமல் சொல்லவேண்டும். குடிப்பழக்கம் உள்ளவர்கள் நான் செய்தது போலச் செய்யவேண்டாம். வருடக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனம் தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் ஆசுபத்திரி, அதோடு கோயில். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களும் வைத்தியரிடம் கேட்காமல் பட்டினி விரதம் பிடிக்கவேண்டாம். சிகரட்டை விட உதவி வேண்டுமென்றால் இலங்கையில் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் 1948 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். மருந்து எடுத்தால் சாமிமேல் நம்பிக்கை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது நாலு வருடம். ஆசை முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மழை நாளில் பிளேன்டீ வாசம் வந்தால் இன்றும் கை சட்டைப் பைக்குப் போகிறது. கோபமும் வருகிறது. ஆனால் வருவது இப்போது எனக்குத் தெரிகிறது.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. போன கந்தசஷ்டியில் ஒருநாள் பூக்கூடையைக் காணவில்லை என்று குரலை உயர்த்தினார். மகள் அவருக்கு முன்னால் போய் நின்று, "அப்பப்பா, சிவபுராணம்" என்றாள். வீடே அமைதியாகிவிட்டது. அப்பா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு திண்ணையில் இருந்து, அவளையும் பக்கத்தில் இருத்தி, "நமச்சிவாய வாழ்க" என்று தொடங்கினார். அம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் விஜயதசமியிலிருந்து யாராவது தொடங்க நினைத்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். மாலைப் பூசை முடிந்ததும் நான் மலையில்தான் இருப்பேன். சேர்ந்தே ஓதலாம்.