ஆச்சிக்கு ஒரு கூரை கிடைக்காதா?

புளியரையில் சாரல் பிடித்தால் எங்கள் தெரு ஆச்சி வீட்டில் சருவம், குடம், ஈயச் சட்டி எல்லாம் தரையில்தான். ஓலைக் கூரை அப்படி ஒழுகுகிறது. குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு கட்ட, கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். சரி, கேட்போம் என்று போனால் பட்டா இறந்துபோன கணவர் பெயரில் இருக்கிறதாம். வாரிசு சான்றிதழ் கொண்டு வா, எல்லாப் பிள்ளைகளின் ஆதாரும் கொண்டு வா. மகனோ புனலூரில், பேச்சுவார்த்தையே கிடையாது. அவனை எங்கே போய்ப் பிடிப்பது? இன்றைக்கு சர்வர் இல்லை, நாளைக்கு ஆள் இல்லை.

அப்படியே கிடைத்தாலும் பணம் தவணை தவணையாகத்தான் வரும். வேலை நடக்க நடக்கத்தான் பில். மாதம் 1,200 ரூபாய் முதியோர் பென்ஷனில் கஞ்சி குடிக்கிறவர் செங்கல்லுக்கும் கொத்தனார் கூலிக்கும் எங்கே போவார்? இந்த வயதில் யார் கடன் கொடுப்பார்கள்? வாடகை வீடு கேட்டால், "தனியா இருக்கிற வயசானவங்களா, வேண்டாம்மா" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்கிறார்கள். கேட்கிற இடமெல்லாம், "பிள்ளைங்க பார்க்க மாட்டாங்களா?" பார்த்தால் அந்தக் கிழவி ஏன் உங்கள் வாசலில் வந்து நிற்கிறாள்?