'பிஃபோர் சன்ரைஸ்' உரையாடல்கள் எழுதப்பட்டவை
'பிஃபோர் சன்ரைஸ்' (1995) என்ற ஆங்கிலக் காதல் படத்தில் நடிகர்கள் ஈத்தன் ஹாக்கும் ஜூலி டெல்பியும் கேமரா முன் மனம்போன போக்கில் பேசியதால்தான் அது நம் சொந்தக் காதலைப் போலத் தோன்றுகிறது என்று சிலர் சொல்வது சரியன்று. இயக்குநர் ரிச்சர்ட் லிங்க்லேட்டரும் கிம் கிரிசானும் எழுதிய திரைக்கதையை, நடிகர்கள் இருவரும் ஒத்திகையின்போது தங்கள் அனுபவங்களையும் சேர்த்துச் செதுக்கினார்கள்; படப்பிடிப்பில் பேசியது அவ்வாறு முன்பே முடிவுசெய்யப்பட்ட வசனத்தைத்தான். அடுத்த இரு பாகங்களுக்கு (2004, 2013) ஹாக்கும் டெல்பியும் திரைக்கதை ஆசிரியர்களாகவே ஆஸ்கார் பரிந்துரை பெற்றார்கள் என்பதை எப்படியோ பலரும் மறந்துவிடுகிறார்கள். நிஜ வாழ்க்கையின் சாயல் அதில் இல்லாமலில்லை: 1989இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு பெண்ணுடன் இரவெல்லாம் பேசியபடி நடந்த லிங்க்லேட்டரின் அனுபவமே கதையின் வித்து. ஆயினும் அந்த இயல்புத்தன்மையைத் தற்செயல் என்று சொல்வது இந்த நால்வரின் உழைப்பையும் குறைத்து மதிப்பிடுவதாகும்.